மலைப்பாதையில் வண்டி மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துக் காரணம் பிடிப்பது எப்படி

சமவெளியில் ஒழுங்காக ஓடிய பைக் மலையில் தகராறு செய்தால், பெரும்பாலும் புதிதாக எதுவும் உடைந்திருக்காது. ஏற்கெனவே பாதி தேய்ந்திருந்த ஒரு பாகம், சூடும் சுமையும் சேர்ந்ததும் கைவிட்டிருக்கும். ஏற்றத்தில் அந்தச் சுமை கிளட்ச் மேல் விழும், இறக்கத்தில் பிரேக் மேல், வளைவில் டயர் மேல். ஒரே அறிகுறிக்கு இரண்டு மூன்று காரணம் இருக்கும் என்பதால், ஸ்பேனரைத் தொடும் முன் எது என்று பிரித்துப் பாருங்கள். அதற்குப் பெரும்பாலும் ஒரு நிமிடச் சோதனை போதும்.

அதற்கும் முன்னால் நிற்கிற இடம். வளைவுக்குள்ளும், வளைவு முடிந்த உடனேயும் நிறுத்தக் கூடாது. பின்னால் வருபவருக்கு உங்களைப் பார்த்த பிறகு பிரேக் பிடிக்கத் தூரம் வேண்டும். பள்ளத்தாக்குப் பக்க ஓரம் இளகிய மண்ணாக இருக்கும், சைடு ஸ்டாண்ட் புதைந்து வண்டி சாயும். ஒரு தட்டையான கல்லை அடியில் வையுங்கள். சரிவில் முன் சக்கரம் மேட்டைப் பார்த்திருக்க வேண்டும், வண்டி முதல் கியரில் நிற்க வேண்டும். நியூட்ரலில் விட்டால் ஸ்டாண்ட் மடங்கி உருளும். கூட வந்த நண்பர்களில் ஒருவர் முந்தைய வளைவுக்கு அந்தப் பக்கம் நடந்து போய் வருகிறவர்களுக்குக் கை காட்டட்டும். மற்றவர்கள் வண்டியைச் சுற்றிக் கூட்டம் போட வேண்டாம்.

பிரேக் பிடித்தும் வண்டி நிற்கவில்லை

இறக்கத்தில் வருகிற முதல் புகார் இதுதான். லீவர் கைக்கு எப்படி இருக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

லீவர் பஞ்சு போல அமுங்கி ஹாண்டில்பார் வரை வந்தால், பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. ஆயில் அமுங்காது, அதிலிருந்து கிளம்பும் ஆவி அமுங்கும். உடனே செய்ய வேண்டியது: லீவரைப் படபடவென்று நான்கைந்து முறை அடியுங்கள், ஓரளவு அழுத்தம் திரும்பும். கூடவே ஒவ்வொரு கியராகக் குறைத்து, இன்னொரு பிரேக்கையும் சேர்த்து நிறுத்துங்கள். அரை மணி நேரம் ஆறவிட்டால் லீவர் பழையபடி கெட்டியாகிவிடும். அதை நம்பி அதே வேகத்தில் இறங்கினால் அடுத்த சில வளைவுகளில் மறுபடி அதே கதைதான்.

ஏன் கொதிக்கிறது? பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டப்பாவில் டாட் 4 (DOT 4) என்று எழுதியிருக்கும் ரகத்துக்கு, புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அதே ரகத்துக்குக் கேட்கப்படுவது வெறும் 155 டிகிரி. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது அதனால்தான். மேலே கிண்ணத்தில் கொஞ்சம் புது ஆயிலை ஊற்றிக்கொள்வதால் பயனில்லை; கொதிப்பது கீழே, டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரில், அங்கே பழைய ஆயில்தான் நிற்கிறது. டாட் 5 என்று எழுதிய சிலிகான் ஆயிலை இதோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 வேறு, அது கலக்கும்.

லீவர் கெட்டியாக இருந்தும் பிடி இல்லை, எரிந்த நாற்றம் வருகிறது என்றால் சூடாகித் தோற்றது டிஸ்க்கை உரசும் பேட். ஆறியதும் கழற்றிப் பாருங்கள். பரப்பு கண்ணாடி போல மினுங்கினால், தட்டையான கல்லில் 120 நம்பர் உப்புத்தாளை விரித்து, மினுமினுப்புப் போகும்வரை தேயுங்கள். பேட்டில் உள்ள தேய்மான வரி மறைந்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். சூடான டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம்; டிஸ்க் கோணிக்கொண்டால் பிறகு ஒவ்வொரு பிரேக்குக்கும் லீவர் துடிக்கும்.

மூன்றாவது வகை கொஞ்சம் விசித்திரமானது. லீவரோ பெடலோ போகப் போக இறுகும், யாரும் தொடாமலே பிரேக் பிடித்துக்கொள்ளும், வண்டியைத் தள்ளவே முடியாது. பெடலில் துளியும் தளர்வு இல்லாததுதான் காரணம். லீவரோ பெடலோ ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் திரும்பிப் போகும் சின்னத் துளை மூடியே இருக்கும். சூட்டில் விரிந்த ஆயிலுக்குப் போக வழியில்லாமல் அது பிஸ்டனைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பூட்ஸ் கால் பெடல் மேலேயே கிடந்தாலும் இதே விளைவுதான். அவசரத்துக்குக் காலிப்பரின் நிப்பிளை (ஆயிலை வெளியேற்றும் சின்னத் திருகை) ஒரு நொடி திறந்து மூடினால் நாலு சொட்டு ஆயில் சீறி வரும், சக்கரம் விடுபடும். பிறகு பெடலின் உயரத்தைத் தாழ்த்தி, கொஞ்சம் தளர்வு வைத்தால்தான் அது நிரந்தரத் தீர்வு.

ஆறிய பிறகும் லீவர் தொளதொளவென்றே இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. அதைச் சாலை ஓரத்திலேயே எடுக்கலாம். நிப்பிளுக்குச் சரியான ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 8 மி.மீ.), ஒரு அடி நீளத்துக்கு, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டியூப், ஒரு பாட்டில், சீல் உடைக்காத ஆயில் வேண்டும். டியூபின் மறுமுனை பாட்டிலில் உள்ள ஆயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். ஒருவர் லீவரை அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்க வேண்டும். லீவர் முழுக்க வந்து முட்டியதும், முதலில் நிப்பிளை மூடி, அதன் பிறகுதான் லீவரை விட வேண்டும். வரிசை மாறினால் வெளியே போன காற்று அப்படியே திரும்ப உறிஞ்சப்படும். டியூபில் குமிழி வருவது நிற்கும்வரை தொடருங்கள். நடுவில் மேல் கிண்ணம் காலியாகிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பெயின்ட் மேல் சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மழை பெய்யும்போது மூடியைத் திறக்க வேண்டாம்.

டிரம் பிரேக்கில் கதை வேறு. சூட்டில் டிரம்மே விரிவதால் பெடல் ஆழமாகப் போகும். அட்ஜஸ்டர் நட்டை அங்கேயே இறுக்கிவிட்டால், ஆறியபின் டிரம் சுருங்கிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். இறுக்கியே ஆக வேண்டும் என்றால், அடிவாரத்தில் மறக்காமல் தளர்த்துங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: இறக்கத்தில் கியர் போதவில்லை. ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்தமாகப் பிடித்து முழுதாக விடுங்கள். லேசாகப் பிடித்துக்கொண்டே வருவதுதான் பேட்டை வேகவைக்கிறது. கிளட்சை அமுக்கியோ நியூட்ரலிலோ உருட்டினால் வண்டியின் மொத்த எடையும் பிரேக் தலையில். கியர் இல்லாத ஸ்கூட்டரில் வேகம் குறைந்ததும் உள்ளே கிளட்ச் விட்டுவிடும், இன்ஜின் பிடிப்பே கிடைக்காது. ஆகவே குழுவில் ஸ்கூட்டர் இருந்தால் இறக்கத்தில் அதற்கு அடிக்கடி ஓய்வு கொடுங்கள்.

ஏற்றத்தில் இன்ஜின் உறுமுகிறது, வேகம் ஏறவில்லை

கிளட்ச் வழுக்குகிறது. சந்தேகமாக இருந்தால், சமமான இடத்தில் நாலாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய் ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்குங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி எகிறி, வேகமுள் பின்தங்கினால் உறுதி.

முதலில் லீவர் நுனியின் தளர்வைப் பாருங்கள். கேபிள் கிளட்சில் 10 முதல் 15 மி.மீ. வரை சும்மா ஆட வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் அரை கிளட்சிலேயே ஓட்டும்போது சூட்டில் இந்தத் தளர்வு காணாமல் போய், கையை விட்ட பிறகும் பிளேட் பாதி விலகியே நிற்கும். லீவர் பக்கத்து அட்ஜஸ்டரை உள்ளே திருகித் தளர்வு கொடுத்து, இருபது முப்பது நிமிடம் ஆறவிட்டால் பெரும்பாலும் ஊர் வந்து சேரலாம். தளர்வு சரியாக இருந்தும் வழுக்கினால் பிளேட் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் காருக்கான ஆயில் ஊற்றப்பட்டிருக்கும். ஆயிலில் நனைந்த கிளட்ச் உள்ள வண்டிக்கு, டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (MA2) என்று இருக்க வேண்டும். கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு, கிளட்சுக்கு அது ஆகாது.

கேபிள் அறுந்தே போனால்? லீவர் முனையில், உருண்டைக் குமிழை ஒட்டித்தான் முதலில் இழை இழையாகப் பிரியும். கிளம்பும் முன் ரப்பரை விலக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். மலைக்குப் போகிறவர்கள் மாற்றுக் கேபிளைப் பழையதன் ஓரமாகவே ஓட்டி, டேப் சுற்றி வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். அறுந்த நேரத்தில் இரண்டு முனையை மாற்றினால் வேலை முடிந்தது.

உயரம் கூடக் கூட இழுவை குறைகிறது

பாதி நேரம் இது பழுதே அல்ல. 1000 மீட்டர் ஏறினால் இன்ஜினுக்குக் கிடைக்கும் காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். 2000 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும். சின்ன இன்ஜினில் இரண்டு பேரும் மூட்டையும் என்றால் நன்றாகவே தெரியும். ஒரு கியர் குறைத்து ஓட்டுவதைத் தவிர செய்வதற்கு ஒன்றுமில்லை.

இன்ஜெக்‌ஷன் வண்டி பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டர் குறைக்காது; சைலன்சரில் கரும்புகை, பிளக்கில் கரிப்பொடி, ஆக்சிலரேட்டரைத் திறந்தால் திணறல். மேலேயே இரண்டு நாள் தங்குவதாக இருந்தால், கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றலாம், ஊசி தாழ்ந்து பெட்ரோல் குறையும். கீழே இறங்கும் முன் திரும்ப மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். அதற்கு முன்னால், காலைக் குளிரில் இழுத்த சோக் இன்னும் இழுத்தபடியே இருக்கிறதா என்று பாருங்கள்!

வண்டி பத்திருபது நிமிடம் ஓடி, இருமி அணைந்து, கொஞ்சம் நின்றால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது என்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்க் மேல் கட்டிய பையும் மழை உறையும் இதை அடிக்கடி செய்யும். காற்றுச் சத்தமே இல்லை, செங்குத்தான இடத்தில் மட்டும் அணைகிறது என்றால் பெட்ரோல் குறைவு; சரிவில் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடி, பம்ப் வாய்க்கு எட்டாமல் போகிறது.

ஸ்டார்ட் ஆகவில்லை

கில் சுவிட்ச் (ஹாண்டிலில் இன்ஜினை அணைக்கும் சுவிட்ச்), சைடு ஸ்டாண்ட், நியூட்ரல் விளக்கு. இந்த மூன்றையும் பார்க்காமல் சீட்டைக் கழற்ற வேண்டாம். கீழே விழுந்து எடுத்த வண்டி என்றால், சாய்வு உணரி பெட்ரோலை நிறுத்தியிருக்கும். சாவியை அணைத்துச் சில நொடி கழித்துப் போடுங்கள். டக் டக் சத்தம் மட்டும் வந்தால் பேட்டரி முனையின் திருகு குலுங்கித் தளர்ந்திருக்கும். அது இறுக்கமாக இருந்தால் பேட்டரியே இறங்கியிருக்கிறது: ஓய்வில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.0 வரை வந்துவிட்டால் ஸ்டார்ட்டரை நம்ப முடியாது. மலையில் இறக்கத்துக்குப் பஞ்சமில்லை, இரண்டாவது கியரில் உருட்டி எழுப்பலாம். ஆனால் ஹெட்லைட்கூட எரியாத அளவுக்குப் பேட்டரி செத்திருந்தால் இன்ஜெக்‌ஷன் வண்டி தள்ளினாலும் எழாது.

வளைவில் வண்டி வெளியே தள்ளிக்கொண்டு போகிறது

இங்கே வண்டியையும் ஓட்டுபவரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சுலபமான வழி, குழுவில் கைதேர்ந்தவர் அதே வண்டியை அதே வளைவில் ஓட்டிப் பார்ப்பது.

அவருக்கும் அப்படியே போனால் காற்று அளவிலிருந்து ஆரம்பியுங்கள். பிடி கிடைக்கும் என்று காற்றைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். முன் டயரில் நாலைந்து பிஎஸ்ஐ குறைந்தாலே ஹாண்டில் கனத்து, வண்டி சாயத் தயங்கும். அளவைக் காலையில், ஓட்டும் முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் சில பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுவது இயல்பு, அதை வெளியேற்றக் கூடாது. அடுத்தது பின் ஷாக்: ஆளும் மூட்டையும் ஏறியபின் பின்பக்கம் அமர்ந்து, முன்பக்கம் இலேசாகித் திரும்ப மறுக்கும். ப்ரீலோடை (ஷாக் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை) இரண்டு படி ஏற்றுங்கள். நெடுஞ்சாலையிலேயே ஓடி நடுவில் தட்டையாகத் தேய்ந்த டயர் இன்னொன்று. முதலில் சாயவே சாயாது, பிறகு திடீரென்று விழும். கடைசியாக, நடு ஸ்டாண்டில் முன் சக்கரத்தைத் தூக்கி ஹாண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல நின்றால் ஹாண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட் போய்விட்டது.

வண்டியில் குறையில்லை என்றால் காரணம் நுழைந்த வேகமும் பார்வையும். வளைவின் இரண்டு ஓரக் கோடுகளும் தொலைவில் சேர்வது போலத் தெரியும் இடத்தைக் கவனியுங்கள். அது உங்களை நோக்கி வந்துகொண்டிருந்தால் வளைவு இன்னும் இறுகுகிறது, வேகத்தைக் குறையுங்கள். விலகி ஓட ஆரம்பித்தால் வளைவு திறக்கிறது, ஆக்சிலரேட்டர் கொடுக்கலாம். ஏற்கெனவே வெளியே போய்க்கொண்டிருந்தால், தடுப்புச் சுவரைப் பார்க்காதீர்கள், கண் போகும் இடத்துக்குத்தான் வண்டியும் போகும். தலையை வளைவின் முடிவுக்குத் திருப்பி, எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்து ஹாண்டில் பிடியை முன்னால் தள்ளுங்கள், வண்டி இன்னும் சாயும். டயரில் அதற்கு இடம் உண்டு. பலருக்கு மனதில்தான் இருக்காது. முன் பிரேக்கைத் திடீரென்று பிடித்தால் வண்டி நிமிர்ந்து, நேராக வெளியே போகும்.

கொண்டை ஊசியில் பாதியில் அணைந்து விழுவது வேறு பிரச்சினை. கியரை வளைவுக்கு முன்பே குறைத்து, ஆக்சிலரேட்டரை ஒரே சீராக வைத்து, பின் பிரேக்கை மட்டும் மெல்லத் தொட்டு வேகத்தை அடக்குங்கள். உள் ஓரம்தான் செங்குத்து, அங்கேதான் சரளையும் சேரும். உங்கள் பாதிக்குள் எவ்வளவு வெளியே வர முடியுமோ அவ்வளவு வந்து திரும்புங்கள். மேலிருந்து பேருந்து வருகிறது என்றால் வளைவுக்குக் கீழேயே நின்றுவிடுங்கள், அதற்கு முழுச் சாலையும் வேண்டும்.

செயினில் சத்தம்

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை டக்கென்றால் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. சரசரவென்று தொடர்ந்து வந்தால் தளர்வு. பல சாலை வண்டிகளுக்கு 25 முதல் 35 மி.மீ. வரை ஆட்டம் வேண்டும், உங்கள் வண்டியின் அளவு, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தில் அளந்து வையுங்கள். இறுக்கி வைப்பது தளர்வை விட மோசம்: சுமையில் ஷாக் அமுங்கும்போது செயின் இன்னும் இழுபட்டு, கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்னும். செயின் லாக் மாட்டினால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் ஏதாவது உரசும்போது கிளிப் கழன்று பறக்கும்.

கடைசி வண்டி எப்போதும் பிந்துகிறது, அவரே அடிக்கடி தடுமாறுகிறார்

அவர் மெதுவாக ஓட்டுகிறார் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். முன்னால் போகிறவருக்கும் கடைசியில் வருபவருக்கும் 10 நொடி இடைவெளி என்று வையுங்கள். வளைவில் 20 கி.மீ. வேகத்தில் அது 55 மீட்டர். முன்னவர் வெளியே வந்து 50 கி.மீ. வேகம் எடுத்ததும், அதே 10 நொடி கிட்டத்தட்ட 140 மீட்டர். நேரத்தில் எதுவும் மாறவில்லை, ஆனால் கடைசியில் வருபவர் கண்ணுக்குக் குழு ஓடிவிட்டது. துரத்துகிறார், அடுத்த வளைவுக்குள் தன் அளவுக்கு மீறி நுழைகிறார்.

ஆகவே புதியவரைக் கடைசியில் விடாதீர்கள், இரண்டாவது இடத்தில் வையுங்கள். முன்னவர் கண்ணாடியில் அவரைப் பார்த்து வேகத்தை வைத்துக்கொள்ளலாம். கடைசி இடம் அனுபவசாலிக்கு, பஞ்சர் கிட்டும் முதலுதவியும் டூல்ஸும் அவரிடம். ஐந்து வண்டிக்கு மேல் இருந்தால் இரண்டாகப் பிரியுங்கள். நேர்ச்சாலையில் இடம் வலமாக மாறி மாறிப் போவது சரி, வளைவுகளில் ஒற்றை வரிசைதான், நடுவில் குறைந்தது இரண்டு நொடி, மழையில் நாலு. சாலை பிரியும் இடத்தில் இரண்டாவது வண்டி நின்று, கடைசி வண்டி வரும்வரை காத்திருந்தால் யாரும் வழி தவற மாட்டார்கள், துரத்தவும் வேண்டியதில்லை. முன்னவர் கை காட்டினார் என்று யாரும் முந்தக் கூடாது. அவர் பார்த்த சாலை இரண்டு நொடிக்கு முந்தையது. பெட்ரோல் கணக்கு, இருப்பதிலேயே சின்ன டேங்க்கை வைத்து.

கை மரத்துப் போகிறது, தலை வலிக்கிறது

இறக்கத்தில் உடம்பின் எடை உள்ளங்கையில் விழும். முழங்காலால் டேங்க்கை இறுக்கிப் பிடித்தால் கை இலேசாகும், ஹாண்டிலும் சுதந்திரமாகத் திரும்பும். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி குளிர் கூடும், அதோடு எதிர்க்காற்று. விரல் விறைத்தால் பிரேக் பிடிப்பது தாமதமாகும், கையுறைக்கு மேல் மழைக் கையுறை போட்டாலே பாதி சரியாகும்.

2500 மீட்டருக்கு மேல் தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் அதற்கு மேலே ஏறாதீர்கள், அன்றைக்கு அங்கேயே தங்குங்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, காத்திருக்காமல் இறக்க வேண்டும். அவர் ஓட்டவும் கூடாது, பின்னால் உட்காரவும் கூடாது. காரோ வேனோ பிடித்து, கூட ஒருவர் போய், மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவருடைய வண்டியை ஹாண்டில் லாக் போட்டு அங்கேயே விடுங்கள், மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.